பருப்பு வேகும் தண்ணீர்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியும் ஃபுளோரைடும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். இரண்டு ஊருக்கும் மேற்கே ஒரே மலை. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் அய்யனார் கோவில் ஆறு இறங்கி வந்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை நிரப்பும். ராஜபாளையத்துக் குழாய்களில் மலைத்தண்ணீர் வரும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்பு ஓடைகள். மழை பொய்த்துவிட்டால் பக்கத்து மாவட்டத்துத் தாமிரபரணியை எதிர்பார்த்து நிற்க வேண்டும். இவை எட்டாத தெருக்களுக்கும், எட்டினாலும் பல நாளைக்கு ஒருமுறை மட்டும் எட்டுகிற தெருக்களுக்கும் இருக்கவே இருக்கிறது போர்த்தண்ணீர்.

தண்ணீரைத் தரம் பிரிப்பதில் இந்தப் பகுதிப் பெண்கள் கைதேர்ந்தவர்கள். குடிக்க ஒரு குடம், உலை வைக்க ஒரு குடம், புழங்குவதற்குத் தொட்டி. நாக்கில் ஒரு மடக்கு பட்டாலே உப்பா சப்பா என்று சொல்லிவிடுவார்கள். பருப்பு எத்தனை விசிலில் வேகிறது, சோப்பு நுரைக்கிறதா, பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிகிறதா என்று பார்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வந்த சோதனைகள் இவை; நம்பத் தகுந்தவையும்கூட. ஃபுளோரைடு மட்டும் இவற்றில் எதிலும் சிக்காது. நிறம் இல்லை, மணம் இல்லை, குடிக்கிற அளவில் ருசியும் இல்லை. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். கொதிக்கக் கொதிக்கச் செறிவு கூடத்தான் செய்யும்.

ஃபுளோரைடு பற்றி இன்று நம் கைப்பேசிகளுக்கு வந்து சேரும் செய்திகளில் பெரும்பாலானவை அமெரிக்கச் சண்டையின் எதிரொலி. அங்கே குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்க்கலாமா கூடாதா என்பது வழக்கு. நம்மூர் வழக்கே வேறு. இந்தியாவில் குடிநீர் வாரியங்கள் ஃபுளோரைடு சேர்ப்பதில்லை. இங்கே சேர்ப்பது பாறை. ஆகவே, ‘ஃபுளோரைடு நல்லதா கெட்டதா’ என்ற கேள்விக்கு ராஜபாளையத்தில் பெரிய பொருள் இல்லை. எந்தத் தண்ணீர், எத்தனை அடி ஆழத்திலிருந்து, யார் வீட்டுக் குடத்துக்கு என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது.

மலையடிவாரத்திலிருந்து கிழக்கே சாத்தூர், விருதுநகர் பக்கம் போகப்போக, தரைக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டிப்பாறை. நைஸ், சார்னோக்கைட், கிரானைட் என்று புவியியலாளர்கள் பெயர் சொல்வார்கள். இந்தப் பாறைகளுக்குள் பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்கள் உண்டு. ஃபுளோரின் அவற்றில் பிணைந்து கிடக்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கிப் பாறை வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கும்போது அது சிறிது சிறிதாக நீரில் இறங்குகிறது. டிகாஷன் மாதிரிதான்: ஊறும் நேரம் கூடினால் சாரமும் கூடும். மலையிலிருந்து வழிந்து ஓடிவரும் ஆற்றுநீருக்குப் பாறையோடு அவ்வளவு நேரம் உறவாட அவகாசமில்லை. அதனால் அதில் ஃபுளோரைடு மிகக் குறைவு. நானூறு, ஐந்நூறு அடியில் வெடிப்புக்குள் கிடந்த நீர் அப்படியில்லை.

இதில் ஒரு வேதியியல் வேடிக்கை இருக்கிறது. கால்சியமும் ஃபுளோரைடும் ஒரே தண்ணீரில் நிறையச் சேர்ந்திருக்க முடியாது; ஓர் அளவைத் தாண்டினால் இரண்டும் கூடிக் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். ஆக, ஃபுளோரைடு ஏறி நிற்பதற்கு வாகான நீர் எது என்றால், கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, சற்றே காரத்தன்மை கொண்ட நீர். கால்சியம் குறைந்த நீரில்தான் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நுரைக்கும், பாத்திரத்தில் வெள்ளை படியாது. அதாவது, நம் அடுப்பங்கரைச் சோதனையில் நல்ல தண்ணீர் என்று தேறுகிற ஒரு போர்த்தண்ணீர், ஆய்வகத்தில் தோற்க வாய்ப்பு உண்டு. எல்லா மென்னீரிலும் ஃபுளோரைடு இருக்கும் என்று இதற்குப் பொருளில்லை, ஆற்றுத்தண்ணீரும் மென்னீர்தான். கடினமான உப்புத்தண்ணீரிலும் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கும் இடங்கள் உண்டு. நாக்கையும் பருப்பையும் இந்த விஷயத்தில் சாட்சிக்கு அழைக்க முடியாது என்பதுதான் சேதி.

மத்திய நிலத்தடி நீர் வாரியம், ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் காணப்பட்ட தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர், திண்டுக்கல், கரூர் ஆகியவற்றோடு விருதுநகரும் அதில் உண்டு. பட்டியலைப் பார்த்து மாவட்டம் முழுவதும் பயப்படுவதும் தப்பு, நம் ஊர் பெயர் அதில் இல்லையே என்று நிம்மதியடைவதும் தப்பு. கெட்டிப்பாறைப் பகுதியில் ஒரு போருக்கும் ஐம்பது மீட்டர் தள்ளியுள்ள இன்னொரு போருக்கும் வெடிப்பு வேறு, ஆழம் வேறு, நீரின் வயது வேறு. ஒரே கிராமத்தில் வடக்குத் தெரு அடிபம்பு பிழைத்துக்கொள்ள, தெற்குத் தெரு அடிபம்பு மாட்டிக்கொள்ளும்.

அடிபம்பு என்றதும் சொல்ல வேண்டிய கதை ஒன்று. அறுபதுகள் வரை நம் கிராமங்கள் குடித்தது ஊருணித் தண்ணீரும் திறந்த கிணற்றுத் தண்ணீரும். பெரும்பாலான இடங்களில் அதில் ஃபுளோரைடு பெரிதாக இராது. காலராவும் நரம்புச் சிலந்தியும் இருந்தன. எழுபதுகளில் யுனிசெஃப் உதவியோடு உருவாகி, கோவைப் பக்கம் சோதிக்கப்பட்டு, நாடெங்கும் பரவிய ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு அந்த நோய்களிலிருந்து கோடிக்கணக்கான பேரைக் காப்பாற்றியது. நரம்புச் சிலந்தி ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2000-ல் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது. அதே அடிபம்புதான் பாறைக்குள் கிடந்த நீரை முதன்முதலாகப் பெருவாரியான மக்களின் வாய்க்குக் கொண்டுவந்தது. கிருமியை மட்டும் சோதித்து நல்ல தண்ணீர் என்றார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவுதான். பின்னால் பல்லிலும் எலும்பிலும் தெரிந்ததைப் பார்த்த பிறகும் சோதனை முறையை மாற்றத் தாமதித்ததைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஃபுளோரைடு மிகுந்து பல்லிலும் எலும்பிலும் வரும் இந்த ஃபுளோரோசிஸ் நோய் தெரியாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. உலகிலேயே முதல் வரிசையில் இதைப் பதிவு செய்த இடங்களில் சென்னை மாகாணமும் ஒன்று. 1937-ல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஷார்ட், மருத்துவர் மெக்ராபர்ட், எக்ஸ்ரே நிபுணர் பர்னார்டு, மன்னாடி நாயர் ஆகிய நால்வரும் ‘இந்திய மருத்துவ ஆய்விதழி’ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்றைய நெல்லூர் மாவட்டத்தில் முதுகு வளையாமல், கழுத்து திரும்பாமல், கட்டை போல இறுகிப்போன மனிதர்களைப் பற்றிய ஆய்வு அது. சென்னைப் பொது மருத்துவமனையில் இன்றும் இருக்கும் பர்னார்டு கதிரியக்க நிலையம் அந்த மூன்றாமவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதே 1937-ல்தான் டென்மார்க்கில் காய் ரோஹோம், கிரையோலைட் ஆலைத் தொழிலாளர்களின் எலும்புகளை ஆராய்ந்து ஃபுளோரைடு நஞ்சைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். அங்கே ஆலைத் தூசி, இங்கே கிணற்றுத் தண்ணீர். எலும்பில் கண்டது ஒன்றே. 1940-ல் பண்டிட், ராகவாச்சாரி, சுப்பாராவ் உள்ளிட்டோர் தென்னிந்தியக் கிணறுகளையும் குழந்தைகளின் பற்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். சத்துக்குறைவு உள்ள இடத்தில் எலும்புப் பாதிப்பு கடுமையாகிறது என்ற குறிப்பு அப்போதே வந்துவிட்டது.

அமெரிக்காவின் கதையும் கறைபடிந்த பல்லில்தான் தொடங்குகிறது. 1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பல் மருத்துவராகப் போன ஃபிரெடரிக் மெக்கே, ஊர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறையைக் கண்டு காரணம் தேடி முப்பது ஆண்டு அலைந்தார். 1931-ல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் அது தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு என்று கண்டார். ஆனால் அந்தக் கறைப்பற்களில் சொத்தை குறைவு என்பதையும் மெக்கே கவனித்திருந்தார். ஆய்வாளர் டிரெண்ட்லி டீன் பல நகரங்களை ஒப்பிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் கறை அதிகம் தெரியாமல் சொத்தையும் குறைகிறது என்று கணக்கிட்டார். 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் உலகிலேயே முதலாகக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கியது. அங்கே குளிர்நாடு, ஆற்றிலும் ஏரியிலும் ஃபுளோரைடு அற்ப அளவு. இல்லாத இடத்தில் சேர்த்தார்கள். இருக்கிற இடத்தில் எடுப்பது எப்படி என்பது நம் பாடு.

இனி உடலுக்கு வருவோம். முதலில் தெரிவது பல். ஈறுக்குள் பல்லின் எனாமல் உருவாகும் காலத்தில், அதாவது பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை, ஃபுளோரைடு கூடுதலாகச் சென்றால் எனாமல் சரியாக இறுகாமல் நின்றுவிடும். லேசாக இருந்தால் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைக் கோடுகள். கூடினால் மஞ்சள், பழுப்பு. மிகுந்தால் குழிவிழுந்து எனாமல் உதிர்ந்து பல் தேயும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாக, ஒரே காலத்தில் உருவாகும் பல்லிணைகளில் இது தெரியும். வெற்றிலைக் கறையோ புகைக் கறையோ இப்படி ஒழுங்காக வராது. தேய்த்தால் ஓரளவு போகும். ஃபுளோரோசிஸ் கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. பல் சரியாக விளக்கவில்லை என்று இந்தப் பிள்ளைகளை ஆசிரியர்கள் திட்டுவதும், வாயை மூடியபடி சிரிக்கப் பழகிக்கொண்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அது ஒரு பேச்சாவதும் தமிழ்நாட்டின் ஃபுளோரைடு வட்டாரங்களில் சாதாரணம். வயது வந்தபின் அதிக ஃபுளோரைடு குடித்தால் பல்லில் புதிதாக எதுவும் தெரியாது. அப்போது அது எலும்புக்குப் போகிறது.

உடலில் ஏறும் ஃபுளோரைடில் பெரியவர்களுக்கு ஏறக்குறையப் பாதி சிறுநீரில் வெளியேறும். மிச்சம் எலும்பில் தங்கும். வளரும் குழந்தைகளின் எலும்பில் இன்னும் கூடுதலாகத் தங்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் அப்படியே. எலும்பில் புகுந்த ஃபுளோரைடு அதை அடர்த்தியாக்குகிறது, ஆனால் உறுதியாக்குவதில்லை. எண்பதுகளில் மேயோ கிளினிக்கில், எலும்பு மெலிந்த மூதாட்டிகளுக்கு அதிக அளவு சோடியம் ஃபுளோரைடு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி ஏறியது. கைகால் எலும்பு முறிவுகளும் ஏறின. 1990-ல் வெளிவந்த அந்த முடிவோடு அந்த வைத்தியத்தின் மவுசு போய்விட்டது. பல்லாண்டு காலம் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் குடிக்கிறவர்களுக்கு மூட்டு இறுக்கமும் முதுகு வலியும் தொடங்கலாம். அளவு இன்னும் மிகும்போது தசைநார்களிலும் சுண்ணாம்பு படிந்து முதுகெலும்பு ஒரே கம்பாகிவிடும். ஆரம்பக் கட்டத்தில் இது வெறும் மூட்டுவலி. வாதம் என்பார்கள், வயசு என்பார்கள், தைலம் தேய்ப்பார்கள். டெல்லியில் ஃபுளோரோசிஸ் ஆய்வுக்கென்றே ஓர் அமைப்பை நடத்திய ஏ.கே. சுசீலா, கருவி எதுவும் வேண்டாத மூன்று சோதனைகளைப் பரப்பினார்: முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிலுள்ள காசை எடுக்க முடிகிறதா, மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா, கைகளைத் தூக்கிப் பிடரியில் கோக்க முடிகிறதா. முடியவில்லை என்றாலே ஃபுளோரோசிஸ் என்று முடிவுகட்டக் கூடாது. தண்ணீரையும் சிறுநீரையும் சோதிக்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டாவில் 1973-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் இன்னொன்றைக் கண்டார்கள்: இளம்பிள்ளைகளின் முழங்கால் உட்புறமாக முட்டிக்கொள்ளும் ஊனம். பழைய ஃபுளோரோசிஸ் பதிவுகளில் இது இல்லை. சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட, கால்சியம் போதாத ஏழைக் குடும்பங்களில் இது மிகுந்திருந்தது. அதே தண்ணீரைக் குடித்த வசதியுள்ள வீடுகளில் கால் நேராக இருந்தது. என் பார்வையில், ஃபுளோரைடு பற்றிய இந்திய ஆய்வுகளில் மிக முக்கியமான பாடம் இதுதான். தண்ணீரிலுள்ள எண் ஒன்றே. தட்டில் இருப்பது அதன் விளைவை மாற்றுகிறது.

வேறு பாதிப்புகள் பற்றிய சான்றுகள் ஒரே உறுதியில் இல்லை. கூடுதல் ஃபுளோரைடு வயிற்று உபாதை தருவது தெளிவு. கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சுசீலா வலியுறுத்தினார். தைராய்டு பற்றிய ஆய்வுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. புற்றுநோய் என்ற அச்சத்துக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இலங்கையில் அநுராதபுரம், மதவாச்சி வட்டாரங்களில் பரவிய காரணம் தெளியாத சிறுநீரக நோய்க்கு, கடினநீரும் ஃபுளோரைடும் சேர்ந்த கலவை ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

குழந்தைகளின் அறிவுத்திறன் பற்றிய விவாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைக் குடிப்பதற்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்று நடுத்தர அளவு உறுதியோடு சொல்லலாம் என்றது. அமெரிக்கா சேர்க்கும் 0.7 மில்லிகிராம் அளவில் முடிவு சொல்லப் போதிய தரவில்லை என்றது. அடுத்த மாதம் கலிபோர்னியாவில் நீதிபதி எட்வர்டு சென் சுற்றுச்சூழல் முகமையைத் தலையிடச் சொல்லித் தீர்ப்பளித்தார். 2025-ல் யூட்டா, ஃபுளோரிடா மாநிலங்கள் ஃபுளோரைடு சேர்ப்பதைத் தடைசெய்தன. எதிர்த்தரப்பு, ஏழைப் பிள்ளைகளின் பற்கள் என்னாகும் என்று கேட்கிறது. அங்கே 0.7-ஐப் பற்றிச் சண்டை நடக்கிறது. சான்று நிற்பதோ 1.5-க்கு மேல். அந்த அளவில் உள்ள தண்ணீரைத் தினமும் குடிப்பவர்கள் யூட்டாவைவிட நம் பக்கத்துப் பாறைநிலக் கிராமங்களில்தான் மிகுதி. சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகளிலும் கணிசமானவை சீனா, இந்தியா போன்ற நாடுகளின் கிராமங்களில் நடந்தவை. அவற்றின் தரம் ஏற்றத்தாழ்வானது; ஏழ்மை, ரத்தசோகை, ஈயம், ஆர்சனிக் எல்லாவற்றையும் விலக்கிப் பார்க்காதவை பல. ஆனாலும் புறந்தள்ளிவிட்டுப் போகும் அளவுக்கு அவை சொற்பமில்லை.

அளவு என்று எதை வைப்பது? உலக சுகாதார நிறுவனம் 1.5 மில்லிகிராம் என்கிறது. கூடவே, அந்தந்த ஊரில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்து நாடுகள் தமக்கென வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் 1.0 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்றும் சொல்கிறது. நடைமுறையில் அந்த ‘வேறு வழியே இல்லையென்றால்’ என்பது மறந்துபோய் 1.5-தான் தரம் என்றாகிவிட்டது. சித்திரை வெயிலில் ராஜபாளையத்தில் கட்டட வேலை செய்கிற ஒரு கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். குளிர்நாட்டுக் கணக்குப்படி 2 லிட்டர் குடித்தால் 1.5 அளவுத் தண்ணீரில் நாளுக்கு 3 மில்லிகிராம். அவர் குடிப்பதோ 5 லிட்டர், 7.5 மில்லிகிராம் ஆயிற்று. அதே தண்ணீரில் வடித்த சோறும் கொதித்த குழம்பும் கணக்கில் வரவில்லை. டீயும் வரவில்லை. தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃபுளோரைடை இலையில் சேர்த்துவைக்கும் இனம். நாளுக்கு ஆறேழு டீ குடிக்கிறவருக்கு அது சின்னத் தொகையில்லை. வெப்பநாட்டில் அளவைக் குறைக்க வேண்டும் என்பதை அமெரிக்கர்களே 1950-களில் வெப்பநிலையை வைத்துச் சூத்திரம் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

சாப்பாட்டில் ஓரளவு காப்பு உண்டு. கால்சியம் போதுமான அளவு இருந்தால் ஃபுளோரைடு குடலிலேயே பிணைக்கப்பட்டு வெளியேறுவது கூடும். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பால் எதுவும் நமக்குப் புதிதில்லை. பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி மாடு வைத்திருக்கும் வீடுகளிலேயே பால் முழுக்கப் பண்ணைக்குப் போய்விட்டுப் பிள்ளைக்கு வரக்காப்பி மிஞ்சுவது பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். புளியைப் பற்றி ஒரு சுவையான ஆய்வு உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கண்டாரே குழு, சிறுவர்களுக்குத் தினமும் கொஞ்சம் புளி சேர்த்துக் கொடுத்தபோது சிறுநீரில் ஃபுளோரைடு வெளியேறுவது கூடியதை 2002-ல் பதிவு செய்தது. சிறிய ஆய்வு. இதை வைத்துக்கொண்டு ரசம் குடித்தால் ஃபுளோரோசிஸ் வராது என்று யாராவது காணொளி போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம்.

தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை எடுக்கும் வழிகளுக்குப் பஞ்சமில்லை. நாகப்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் எழுபதுகளில் வகுத்த நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கலக்கித் தெளியவிட வேண்டும். செலவு குறைவு. ஆனால் தினமும் யாராவது சரியான அளவில் போட்டுக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் கசடை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும், நீரில் மிஞ்சும் அலுமினியமும் உடன் வரும். ஊக்கப்படுத்திய அலுமினா வடிகட்டி நன்றாக வேலை செய்யும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை காரமும் அமிலமும் விட்டு அதைப் புதுப்பிக்கும்வரை. புதுப்பிக்க ஆள் வராத வடிகட்டி வெறும் வாளிதான். இப்போது எல்லாத் தெருவிலும் கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், குடத்துக்கு இவ்வளவு என்று ஊற்றும் மினி லாரி. ஆர்.ஓ. சவ்வு ஃபுளோரைடின் பெரும்பகுதியை நிறுத்திவிடும், அதில் ஐயமில்லை. நிறுத்தப்பட்டது இன்னும் செறிவான கழிவுநீராகச் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகிறது. காசுள்ள வீடு குடிப்பதற்கு மட்டும் கேன் வாங்குகிறது, உலைக்குப் போர்த்தண்ணீர். அரிசி தன் எடையைவிடக் கூடுதலான தண்ணீரை உள்ளிழுத்துத்தான் சோறாகிறது என்பதை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. காசில்லாத வீட்டில் இரண்டுக்கும் போர்தான்.

பெரிய அளவில் வேலை செய்திருப்பது மேற்பரப்பு நீரைக் கொண்டுவருவதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ இருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் 2008-ல் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தோடு தகராறு கண்டு, ஆட்சி மாறி, 2013 மே மாதம் தண்ணீர் வந்தது. தெலங்கானா கிருஷ்ணா, கோதாவரி நீரைக் குழாயில் நல்கொண்டாவுக்குக் கொண்டுபோனது. ஏற்கெனவே இறுகிய எலும்பு இதனால் இளகிவிடாது. பிறக்கும் பிள்ளைகளின் பல் பிழைக்கும். இன்னொரு வழி, நிலத்தடி நீரையே நீர்க்கச் செய்வது. அண்ணா பல்கலைக்கழகத்தின் எல். இளங்கோ குழுவினர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தடுப்பணை ஒன்றைச் சுற்றியுள்ள கிணறுகளை ஆராய்ந்து, மழைநீர் இறங்கும் இடத்துக்கு அருகே ஃபுளோரைடு குறைவதைக் கண்டார்கள். கண்மாய் நிறைந்தால் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் ருசி மாறும் என்பதை ராஜபாளையத்து விவசாயிகள் எப்போதும் சொல்வார்கள். கண்மாய் தூர்ந்து, வரத்துக்கால் அடைபட்டு, ஐந்நூறடிக்கு மேல் போர் போட்ட பகுதிகளில் அந்த வாய்ப்பை நாமே அடைத்துவிட்டோம்.

இந்த இரண்டு நகரங்களின் தனித்தன்மை, இரண்டு வகைத் தண்ணீரும் ஒரே ஊருக்குள் ஓடுவது. மலைத்தண்ணீரோ தாமிரபரணியோ குடித்து வளரும் பிள்ளைக்கு ஃபுளோரைடு அறவே போதாது. இனிப்பும் பிஸ்கட்டும் தின்கிற அந்தப் பிள்ளைக்குச் சொத்தைதான் எதிரி, ஃபுளோரைடு பற்பசை தேவை. ஃபுளோரைடு மிகுந்த போர்த்தண்ணீரில் வளரும் பிள்ளைக்கு எனாமல் உருவாகும் வயதில் பற்பசையை விழுங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மூன்று வயதுக்குக் கீழே அரிசியளவு, பிறகு பட்டாணியளவு போதும். இந்தியச் சட்டம் பற்பசையில் 1,000 பிபிஎம்முக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்கிறது, குழாயின் மேல் அளவை அச்சிடவும் சொல்கிறது. பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன், வீட்டில் என்ன தண்ணீர் என்று கேட்டால்தான் இரண்டில் எந்த ஆலோசனை பொருந்தும் என்று தெரியும்.

என்ன தண்ணீர் என்ற கேள்விக்கு வீட்டுக்காரர்களாலும் நேராகப் பதில் சொல்ல முடியாத நிலை ஒன்றும் இருக்கிறது. பல ஊராட்சிகளில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீரும் உள்ளூர்ப் போர் நீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலக்கின்றன. ஆற்றுநீர் முழு அளவில் வரும் நாளில் கலவை நீர்த்துவிடும். குழாய் உடைந்தாலோ, மோட்டார் பழுதானாலோ, கோடையில் ஒதுக்கீடு குறைந்தாலோ தொட்டி முழுக்கப் போர்நீர். ‘திட்டத்தில் இணைந்த கிராமம்’ என்று பதிவேட்டில் இருப்பது குழந்தை அன்று குடித்தது எது என்பதைச் சொல்லாது. கிணற்று வாயில் எடுத்த மாதிரியும் சொல்லாது. கடைசித் தெருக் குழாயில், ஆற்றுநீர் குறையும் ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒன்றுமாக எடுத்தால்தான் உண்மை தெரியும். அதிலும் முதலில் எடுக்க வேண்டியது அங்கன்வாடியிலும் தொடக்கப்பள்ளியிலும். எனாமல் உருவாகும் வயதுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். காலை உணவும் சத்துணவும் அங்குள்ள தண்ணீரில்தான் வேகின்றன.

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. வேலை எளிது. சிவந்த சிர்கோனியம் சாயக் கரைசலைச் சில சொட்டு விட்டால், ஃபுளோரைடு கூடக் கூட நிறம் வெளிறி மஞ்சளுக்குப் போகும். அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 1.0-க்கும் 1.5-க்கும் இடையே கண்ணால் துல்லியமாகச் சொல்வது கடினம். சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு ஒரு லிட்டர் அனுப்பிவிடலாம். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். அதே தண்ணீரில் நன்றாக அலசிய பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. பாட்டிலின் மேல் தேதி, தெரு, போரின் ஆழம் மூன்றையும் எழுதி ஒட்ட வேண்டும். ஆழம் நினைவில்லாவிட்டால், போர் போட்ட வண்டிக்காரரைக் கேட்டால் எத்தனை அடியில் முதல் தண்ணீர் வந்தது, எத்தனையில் நிறுத்தினார் என்று சொல்லிவிடுவார்.